பதினோராம் ஊசியில் மேளம்

மீன் ரோல்ஸ் அடுக்கிய தட்டு கீழே விழவில்லை. அருந்தவன் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அவருடைய வலது கால், மேசைக்கும் சுவருக்கும் நடுவே தொங்கிய கம்பியில் மாட்டியிருந்தது. கம்பியின் மறுமுனை அவருடைய மனைவி பவளத்தின் அமிகா 500 கணினியில் செருகியிருந்தது. கணினி மேசையின் விளிம்புவரை ஓடிவந்து நின்றது. கம்பி அறவில்லை. கணினியின் பின்புறத்திலிருந்த சிவப்பு, வெள்ளை ஒலித் துளைகள் இரண்டையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு காலோடு வந்தது.

மண்டபத்துக் கடிகாரத்தில் இரண்டு மணி ஐந்து நிமிடம். பவளத்தின் முறை இரண்டு நாற்பதுக்கு.

"ரோல்ஸுக்கு ஒண்டும் நடக்கேல்லை," என்றார் அருந்தவன்.

பவளம் அவரைப் பார்க்கவில்லை. பிடுங்கப்பட்ட துளைகளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தைஞ்சு நிமிசம் இருக்கு," என்றார். "முப்பத்தைஞ்சு நிமிசத்தில நான் மெரிலேண்ட்ஸில இருந்து பரமட்டா போய்த் திரும்பியும் வந்திடுவன். தட்டை வைச்சிட்டு இஞ்சால வாங்கோ."

பவளத்துக்கு ஐம்பத்தாறு வயது. சிட்னியின் மேற்குப் புறநகர்களில் பதினெட்டு ஆண்டுகளாக பஸ் ஓட்டுகிறார். அவருக்கு நேரம் என்பது தரிப்பிடங்களால் ஆனது. முட்டை அவிக்க நான்கு தரிப்பு, தொலைபேசியில் தங்கையோடு பேச ஒரு முழுப் பாதை. பேச்சும் அப்படித்தான்: அடுத்த தரிப்பு வருமுன் வசனத்தை முடித்துவிட வேண்டும் என்ற வேகம். 2013இல் ஒரு செவ்வாய்க்கிழமை ஹோம்புஷ் பக்கமாக பஸ்ஸை ஓட்டிப் போகும்போதுதான் இந்தக் கணினியை அவர் முதன்முதல் கண்டார். நகரசபை லொறி வந்து கழிவுச் சாமான்களை அள்ளிப் போகும் வாரம் அது. வீட்டு வாசல்களில், புல்லின் மேல், மெத்தைகளும் உடைந்த கதிரைகளும் குவிந்து கிடந்தன. ஒரு குவியலின் உச்சியில் மஞ்சளித்துப்போன விசைப்பலகையோடு அது. பஸ்ஸை நிறுத்த முடியாது. அதே பாதையில் மூன்று தடவை போய்வந்தார். இரண்டாம் தடவை அதன் திரையை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். மூன்றாம் தடவை வானம் கறுத்திருந்தது. வேலை முடிந்ததும் சீருடையோடு காரில் பறந்துபோய், மழையின் முதல் துளிகள் விழ, அதைத் தூக்கி முன் ஆசனத்தில் வைத்து பெல்டும் போட்டுக் கொண்டுவந்தார்.

"பிள்ளைக்கும் அப்பிடித்தான் பெல்ட் போட்டவ," என்று அருந்தவன் இன்றைக்கும் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது 'உந்தப் பெட்டி'. அதற்கு மேல் அதைப் பற்றி அவருக்குக் கருத்து இல்லை.

பவளத்துக்கு இருந்தது. பாதைகளின் கடைசித் தரிப்பில் கிடைக்கும் எட்டு, பத்து நிமிட ஓய்வுகளில் அந்தக் கணினியின் கையேட்டைப் படித்தார். ஒரு கொப்பியில் தமிழில் குறிப்பெடுத்தார். அது ஒரே நேரத்தில் நான்கு குரல்களில் இசைக்கும் என்று தெரிந்த அன்று அவர் பஸ்ஸில் தனியாக இருந்தபடியே கைதட்டினார். நான்கு குரல் என்றால் ஒரு மேளத்துக்குப் போதும்! நாதஸ்வரம் ஒன்று. அதற்கு அடியில் ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கும் ஒத்து ஒன்று. தவில் ஒன்று. தாளம் ஒன்று.

மேய்ஸ் ஹில் முருகன் கோயில் திருவிழாவுக்கு ஊரிலிருந்து மேளக்காரர் வந்திருந்தபோது, பூசை முடிந்த பிறகு கார் நிறுத்துமிடத்தில் தவில்காரரை மறித்துப் பிடித்தார். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக அடித்துத் தரவேண்டும், போனில் பதிய வேண்டும் என்றார்.

"தனித்தனியாவோ? நான் என்ன, தவிலைக் கழட்டி விக்க வந்தனானோ?" என்று அவர் சிரித்தார். ஆனால் இறங்கி நின்று ஒன்பது அடிகள் கொடுத்துவிட்டுத்தான் போனார். நாதஸ்வரக்காரர் பன்னிரண்டு சுரங்கள் கொடுத்தார்.

அவற்றை வைத்துக்கொண்டு எட்டு மாதம். இரண்டு நிமிடம் நாற்பது விநாடிக்கு ஒரு மேளம். முழுக்க முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்தார். விடிய நாலரைக்கு வேலைக்குப் போகிற வீட்டில், சுவர் மெலிந்த அடுக்குமாடியில், வேறு வழி இல்லை. ஆகவே அந்த மேளத்தைப் பவளத்தைத் தவிர உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கணவர் கேட்டதில்லை. மகள் கேட்டதில்லை. தவில் கொடுத்தவர்கூடக் கேட்டதில்லை.

இன்றைக்குக் கேட்பார்கள் என்றுதான் இருந்தது. பழைய கணினி ஆர்வலர்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் இந்தச் சந்திப்பில், மேடை நேரம் ஆளுக்கு ஏழு நிமிடம். முதல் வருடம் பவளத்துக்கு வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளக் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடம் காத்திருப்போர் பட்டியலில் நின்று திரும்பினார். இது மூன்றாம் வருடம். சட்டம் ஒன்றே ஒன்று: ஒலி அந்த இடத்தில் அந்தப் பழைய இயந்திரத்திலிருந்தே வரவேண்டும். போனில் பதிந்து வந்து போட முடியாது. நேரம் தவறினால் அடுத்தவர்.

"என்னா தங்கச்சி, போச்சா?"

பக்கத்து மேசைக்காரர் ஆரோக்கியசாமி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து எண்பதுகளில் படிக்க வந்து, தொலைபேசித் தொழில்நுட்பராக வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அவருடைய மேசை முழுக்கப் பழைய மோடம்கள். தொலைபேசிக் கம்பியில் கணினிகள் கீச்சிட்டுப் பேசிய காலத்துப் பெட்டிகள்.

"போகேல்லை அண்ணை. கழண்டிருக்கு."

"கழண்டாலும் போனதுதான்லா. திறந்து ஒட்டலாமே?"

பவளம் தலையை ஆட்டினார். உள்ளே ஒரு தகரக் கவசம். அதைத் திறந்து மூடவே அரைமணி. அதோடு, ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலைப் பழுதுபார்க்கும் மேசையில் மட்டும்தான் பயன்படுத்தலாம். அங்கே ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

"அப்போ உங்க டிஸ்க்க அந்தப் பக்கம் இருக்கிற அமிகாவில போட்டுப் பாருங்க. நாலு மேசை தள்ளி ஒண்ணு இருக்கு."

பவளம் ஓடினார். பஸ் பிடிக்கிறவர்கள் தன்னை நோக்கி எப்படி ஓடிவருவார்கள் என்று பதினெட்டு வருடம் பார்த்தவர், அதே ஓட்டம். அந்தக் கணினியின் சொந்தக்காரர் மகிழ்ச்சியோடு இடம் விட்டார். டிஸ்க் உள்ளே போனது. கிர் கிர் என்றது. வாசிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இன்னொரு தடவை. அதே பதில். பவளத்தின் கணினியில் டிஸ்க் ஓட்டும் பாகம் வயதாகிச் சற்றே கோணிப்போயிருந்தது. கோணலாக எழுதிக் கோணலாகவே வாசிக்கும். அதன் கையெழுத்து அதற்கு மட்டும்தான் விளங்கும்.

இரண்டு பதின்மூன்று.

திரும்பி வந்தபோது மகள் வினுஷா போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது. அம்மாவின் ஏழு நிமிடத்தைப் பதிவதாக வாக்குக் கொடுத்து வந்திருந்தாள்.

"அம்மா, ஆர் யூ ஓகே?"

"என்னைப் பிடியாதை. என்ர கொப்பியை எடு. நீலக் கொப்பி. பையுக்க."

கொப்பி வந்தது. பவளம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து, சத்தமாக, மண்டபத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்க்கும்படி, "இந்தா!" என்றார்.

அந்தப் பக்கத்தில், சீரியல் போர்ட்டின் இருபத்தைந்து ஊசிகளுக்கு அவர் வரைந்த படம். சீரியல் போர்ட் என்பது கணினியை மோடத்தோடு இணைக்கும் வாசல். அதன் வழியே போவதும் வருவதும் எழுத்தும் எண்ணும்தான். ஒலிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் இந்தக் கணினியைச் செய்தவர்கள் இரண்டு ஊசிகளை ஒலிக்கென்று விட்டிருந்தார்கள். பவளத்தின் கையெழுத்தில்: '11 — சத்தம் வெளியே. 18 — சத்தம் உள்ளே.'

ஆரோக்கியசாமி கொப்பியை எட்டிப் பார்த்தார். "சீரியல் போர்ட்ல சத்தமா? நான் முப்பது வருசம் இதே வேலை பார்த்தேன். இந்த ஓட்டையில ஒருத்தனும் பாட்டுக் கேட்டது இல்லைலா."

"அண்ணை, இது கொஞ்சம் விசர் பிடிச்ச மிசின். எனக்குத் தெரியும். ஒரு வயரை மட்டும் பதினோராவதில குடுக்க வேணும், இன்னொண்டை ஏழாவதில, அது எர்த். உங்களிட்ட அந்த இருபத்தைஞ்சு ஊசிப் பிளக் ஏதும் இருக்கோ?"

ஆரோக்கியசாமி குனிந்து மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைக் கிளறத் தொடங்கினார். கம்பிகள் பறந்தன. கடைசியில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு சோதனைப் பெட்டியை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் போர்ட்டில் செருகலாம். மேலே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சிறு துளை. வேண்டிய துளையில் வேண்டிய கம்பியைக் குத்தலாம். ஈயம் வேண்டாம், சூடு வேண்டாம்.

"வேலையை விட்டு வரும்போது இதை மட்டும் திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்," என்றார். "கேட்டா குடுத்திருப்பேன். யாரும் கேக்கல."

பவளம் அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அறுபத்துமூன்று வயது மனிதர் ஒரு அடி முன்னால் போனார்.

கணினியை நிறுத்தினார்கள். பெட்டியைச் செருகினார்கள். திரும்ப இயக்கினார்கள். டிஸ்க் கிர் கிர் என்று ஏறத் தொடங்கியது. இரண்டு பத்தொன்பது.

ஒரு சிக்கல். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள் முப்பது வருட விரல்களில் தேய்ந்துபோயிருந்தன. ஒன்றும் பதின்மூன்றும் மட்டும் மிச்சம். பதினோராம் ஊசிக்குப் பக்கத்தில் பத்தாவது. அதில் பன்னிரண்டு வோல்ட். அதற்கும் பக்கத்தில் ஒன்பதாவது. அதிலும் பன்னிரண்டு, எதிர்த் திசையில். ஒரு துளை தவறினால் அந்த மின்சாரம் முழுக்க நேரே மண்டபத்து ஒலி மிக்சருக்குள் போகும். பிறகு பவளத்துக்கு மட்டுமல்ல, அன்றைக்கு யாருக்குமே மேடை இல்லை.

"பக்கத்து வீட்டுக்காரர் சரியில்லாத இடம்," என்றார் அருந்தவன்.

"நீங்கள் கதையாமல் டோர்ச்சைப் பிடியுங்கோ. கால் எங்க இருக்கெண்டு பார்த்துக்கொண்டு பிடியுங்கோ."

பவளம் ஒரு குச்சியால் தொட்டு ஒன்றிலிருந்து எண்ணினார். வினுஷா போன் கமராவில் பெரிதாக்கிப் பதின்மூன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். "தேர்ட்டீன், ட்வெல்வ், இலெவன். திஸ் ஒன்." தாயின் குச்சியும் மகளின் நகமும் ஒரே துளையில் வந்து நின்றன. ஆரோக்கியசாமி வோல்ட் அளக்கும் கருவியை வைத்தார். இடப்பக்கத் துளை: மைனஸ் பன்னிரண்டு. இந்தத் துளை: ஒன்றுமில்லை.

"இதான்!"

"குத்துங்கோ!" என்றார் பவளம்.

மண்டபத்தின் ஒலிக்காரர் நீட்டிய நீளக் கம்பியின் முனையைப் பிரித்து, ஒரு நுனி பதினொன்றில், ஒரு நுனி ஏழில். பவளம் ஒலிக்காரரைப் பார்த்துக் கையைக் கீழே ஆட்டினார், மெல்ல, மெல்ல என்று. விசையைத் தட்டினார்.

மண்டபத்தின் இரண்டு மூலைகளிலிருந்தும் நாதஸ்வரம் எழும்பியது.

அதுவரை மேசைகளுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த விளையாட்டுகளின் டுப் டுப், பீப் பீப் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு அது போனது. யாரோ கையிலிருந்த கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஆரோக்கியசாமி இரண்டு கைகளையும் தலையில் வைத்து, "மாதாவே! சீரியல் போர்ட்ல!" என்று கத்தினார். "சீரியல் போர்ட்லயா!" வினுஷா வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தாள். பவளம் நின்ற இடத்தில் இரண்டு தரம் துள்ளினார். பஸ் ஓட்டும் சப்பாத்து மரத்தரையில் டொம் டொம் என்றது.

அருந்தவன்தான் முதலில் கேட்டார்.

"இஞ்சேரும். தவில் எங்க?"

பவளத்தின் துள்ளல் நின்றது. நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. ஒத்து போய்க்கொண்டிருந்தது. தவில் நுழைய வேண்டிய இடம் வந்தது, போனது. தாளமும் இல்லை. திரையில் குரலுக்கு ஒன்றாக நான்கு நிரல்களும் ஓடின, நான்கும் இசைத்துக்கொண்டுதான் இருந்தன. ஸ்பீக்கரில் இரண்டு மட்டும்.

அவர் தன் நெற்றியில் தானே அடித்தார்.

"இடப்பக்கம் மட்டும். பதினொண்டில வாறது இடப்பக்கம் மட்டும். கையேட்டில போட்டிருந்தது. நான் என்ர கொப்பியில எழுதேல்லை!"

அமிகாவின் நான்கு குரல்களில் முதலாவதும் நான்காவதும் இடப்பக்கத்தால் வெளியே வரும். இரண்டாவதும் மூன்றாவதும் வலப்பக்கத்தால். இதில் விளையாட்டுகளுக்கு இசை போட்டவர்கள் எல்லாரும் இராகத்தையும் தாளத்தையும் இரண்டு பக்கமும் கலந்து விடுவார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் பாட்டுத் தப்பும். பவளம் அப்படிச் செய்யவில்லை. மேய்ஸ் ஹில்லில் சந்நிதியைப் பார்த்து நின்றால் நாதஸ்வரமும் ஒத்தும் அவருடைய இடக்கைப் பக்கம் நிற்கும். தவிலும் தாளமும் வலக்கைப் பக்கம். அப்படியே வைத்தார். கோயிலில் தவில்காரர் நாதஸ்வரக்காரரின் மடியிலா ஏறி நிற்பார்? எட்டு மாதமும் ஹெட்போனுக்குள் அது கோயில் மாதிரியே அழகாகக் கேட்டது.

இரண்டு இருபத்தேழு.

"பரவாயில்லைலா," என்றார் ஆரோக்கியசாமி. "நாயனம் மட்டும் போகட்டும். இவங்களுக்கு என்னா தெரியும்? அருமையா இருக்கு."

"அண்ணை, கடைசி இருபத்தைஞ்சு விநாடி கெட்டிமேளம். தவில் இல்லாமல் என்னண்டு கெட்டிமேளம்? தாலியைக் கட்டிப்போட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிக்கிறதோ?" அதற்குள் அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "இடப்பக்கம் இரண்டு இடம் இருக்கு. ஒண்டில நாதஸ்வரம். மற்றதில ஒத்து. ஒத்து இறங்கட்டும். தவில் ஏறட்டும்."

"சுருதி?" என்றார் அருந்தவன்.

"சுருதியும் இல்லை, தாளமும் இல்லை."

"சரி. இந்த வீட்டில இவ்வளவு காலமும் ஒத்து ஊதினது நான். இண்டைக்கு ஒருநாள் ஒத்து இல்லாமல் ஊதிப் பாரும்."

வினுஷா சிரிப்பை அடக்க முடியாமல் போனை வாயில் வைத்து மூடினாள்.

மேளம் பதினான்கு துண்டுகளாகக் கணினியில் இருந்தது. ஒவ்வொரு துண்டையும் திறந்து, இரண்டாம் நிரலிலிருக்கும் தவிலை வெட்டி, நான்காம் நிரலிலிருக்கும் ஒத்தின் மேல் ஒட்ட வேண்டும். இரண்டு விசை. அடுத்த துண்டு. இரண்டு விசை. ஆனால் ஒரு துண்டில் தவறாக நாதஸ்வரத்தின் மேல் ஒட்டிவிட்டால் அந்த இடம் அவ்வளவும் அழிந்துபோகும்.

"எண்ணு," என்றார் மகளிடம்.

"வாட்?"

"துண்டை எண்ணு. சத்தமா. நான் எண்ணினா கை பிழைக்கும்."

"ஒன்று," என்றாள் வினுஷா. மேசையைச் சுற்றி ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். "ரெண்டு. மூண்டு." அவள் எப்போதும் ஆங்கிலத்தில் எண்ணுகிறவள். ஏன் தமிழுக்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியாது. "நாலு. அஞ்சு. அம்மா, ஸ்லோ டவுன்."

"பஸ்ஸுக்குச் சொல்லு."

"ஆறு. ஏழு."

எட்டாம் துண்டில் விரல் தவறி, இரண்டாம் நிரலுக்குப் பதில் முதலாவதை வெட்டிவிட்டது. திரையில் முதலாம் நிரல் வெறுமையானது. நாதஸ்வரம் போய்விட்டது. சுற்றி நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் எல்லாரும் ஒன்றாக "ஓ" என்றார்கள். வெட்டியது இன்னும் கணினியின் நினைவில் இருக்கும், இன்னொன்றை வெட்டாதவரை. பவளம் ஒட்டும் விசையைத் தட்டினார். நிரல் திரும்பி வந்தது.

"எட்டு," என்றாள் வினுஷா, மிக மெல்ல.

ஒலிவாங்கியை வைத்திருந்த நிகழ்ச்சி நடத்துநர், செம்மஞ்சள் தொப்பி போட்ட நெட்டை மனிதர், வந்து கடிகாரத்தைக் காட்டினார். ஆறு நிமிடம், ஆயத்தமா, இல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அருந்தவன் மனைவிக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றார். மூன்று வருடம் வேலை மாற்றமும் பட்டியலும் பார்த்துக் காத்திருந்தவர் இவர், கம்பியில் கால் தட்டியது நான், ஆகவே வேண்டுமானால் என்னை வெளியே அனுப்புங்கள், அவர் ஆயத்தம் என்று சொன்னார். தன் இருபத்துமூன்று வருடத்தில் அவர் யாரோடும் இவ்வளவு நீள ஆங்கிலம் பேசி மகள் கேட்டதில்லை. தொப்பிக்காரர் சிரித்துவிட்டுப் போனார்.

"பன்ரெண்டு. பதிமூண்டு."

"பதினாலு!" என்று ஆரோக்கியசாமியும் சேர்ந்து கத்தினார்.

இரண்டு முப்பத்தெட்டு. ஒருமுறை ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை.

தொப்பிக்காரர் பெயரை அறிவித்தார். மேற்கு சிட்னியின் பஸ் ஓட்டுநர், ஒரு அமிகா, தென்னாசியக் கோயில் இசை என்றார். ஒலித் துளை உடைந்துவிட்டதால் அதை சீரியல் போர்ட் வழியாகக் கேட்கப்போகிறோம் என்று அவர் சொன்னதும், ஏற்கெனவே கூடியிருந்த கூட்டத்துக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் சேர்ந்தது. பிள்ளைகள் கதிரைகளில் ஏறி நின்றார்கள். சீரியல் போர்ட் என்றால் என்னவென்று தெரிந்த நூற்றைம்பது பேர் இருக்கும் மண்டபம் உலகத்தில் அடிக்கடி கிடைக்காது.

பவளம் விசையைத் தட்டினார்.

நாதஸ்வரம் தனியாக வந்தது. ஒத்து இல்லாததால் அதன் ஓரங்கள் கொஞ்சம் கூராகத் தெரிந்தன. எட்டு மாதமாகக் கேட்டவருக்கு மட்டும் அது முள்ளாகக் குத்தியது. நாற்பது விநாடி. பவளத்தின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. ஐந்து, நான்கு, மூன்று என்று உதடு எண்ணியது.

தவில் விழுந்தது.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே கொடுத்த ஒன்பது அடிகள், இப்போது ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரண்டு ஸ்பீக்கர்களிலும் வந்தன. மரத்தரை அதிர்ந்தது. முன்வரிசையில் சாம்பல் தாடி வைத்த ஒருவரின் தலை தானாக ஆடத் தொடங்கியது, பிழையான இடத்தில், பிறகு சரியான இடத்தில். நாதஸ்வரம் ஏறியது. தவில் விடவில்லை. ஆரோக்கியசாமி தன் சோதனைப் பெட்டியை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார், அது குழந்தை மாதிரி.

கடைசி இருபத்தைந்து விநாடிக்கு இரண்டும் கூடின. கெட்டிமேளம்.

பவளம் திரையைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். அருந்தவனின் வலக்கை தோளளவுக்கு உயர்ந்திருந்தது. விரல்கள் குவிந்திருந்தன. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் அட்சதை அரிசியை வைத்துக்கொண்டு நிற்கிற அதே கை. அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை. பக்கத்தில் வினுஷாவின் ஒரு கை போனைப் பிடித்திருந்தது, மறு கை உயர்ந்திருந்தது. அந்தப் பக்கம் ஈப்போக் கிறிஸ்தவர் ஆரோக்கியசாமியின் கையும். மூன்று வெறுங்கைகளும் ஒரே நேரத்தில் எறிந்தன.

மேளம் நின்றது.

கைதட்டல் எப்படி இருந்தது என்று கேட்டால் பவளம் சரியாகச் சொல்லமாட்டார். அவர் அப்போது மேசையைச் சுற்றிப் போய் அருந்தவனின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எறிஞ்சனீங்கள்!"

"என்னத்தை?"

"அட்சதை! நான் பார்த்தனான். நீங்கள் எறிஞ்சனீங்கள்!"

அருந்தவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கெட்டிமேளம் கேட்டால் பின்ன என்ன செய்யிறது?" என்றார். பிறகுதான், தான் என்ன சொன்னார் என்பது அவருக்கே உறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார்.

தொப்பிக்காரர் ஒலிவாங்கியோடு குனிந்தார். இன்னும் நான்கு நிமிடத்துக்கு மேல் உங்கள் நேரம் மிச்சம், என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அதோடு, அந்த மூன்று பேரும் என்ன எறிந்தார்கள் என்றும் கேட்டார்.

வினுஷா ஒலிவாங்கியைப் பெற்றுக்கொண்டாள். அரிசி, மஞ்சள் பூசியது, கல்யாணத்தில் வாழ்த்துவதற்கு, இந்த அடி கேட்டதும் எறிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று விளக்கினாள். இது என் அம்மா செய்தது, நானும் இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றாள். எங்கே அடி மாறுகிறது என்று நாங்கள் காட்டுகிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"அம்மா, அகெய்ன்! திரும்பப் போடுங்கோ!"

பவளம் ஓடிப்போய் உட்கார்ந்தார். ஆரோக்கியசாமியைப் பார்த்தார். அவர் பதினோராம் துளையில் கம்பி அசையாமல் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பவளம் விசையைத் தட்டினார். நாதஸ்வரம் மண்டபத்துக்குள் திரும்ப ஏறியபோது, நூற்றைம்பது பேர், அரைவாசிப்பேருக்குமேல் ஐம்பதைத் தாண்டியவர்கள், கணினிப் படம் போட்ட டீ-ஷேர்ட்டுகளோடு, வெறுங்கைகளைத் தோளளவுக்கு உயர்த்திக்கொண்டு, வினுஷாவின் முகத்தையே பார்த்தபடி காத்து நின்றார்கள்.